ஊர்ப் பெரியவர்கள் எழுதி வாங்கினால் வழக்கு முடிந்துவிடுமா?

கேள்வி: ஜவ்வாது மலையில் மகளிர் குழு நடத்துகிறோம். குழுவில் உள்ள 20 வயதுப் பெண்ணை, ரோடு வேலைக்கு வந்த மேஸ்திரி முந்தாநாள் கெடுத்துவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் பணம் வாங்கி, எழுதி முடிக்கலாம் என்கிறார்கள். வேலூரிலிருந்து வந்த ஒருவர், சர்க்கார் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லி பாஸ்புக் கேட்கிறார். பெண் குளித்துவிட்டாள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: ‘கெடுத்துவிட்டான்’ என்ற சொல்லை முதலில் விடுங்கள். அவள் கெட்டுப்போகவில்லை.

குளித்திருந்தாலும் பரவாயில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டு, இன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான் கெடு. கர்ப்பத் தடை மாத்திரையும் சீக்கிரம் போட்டால்தான் நல்ல பலன். அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகித உறையில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம். எஃப்ஐஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அப்படிச் சொல்வதே குற்றம். சிகிச்சை இலவசம்.

போலீஸ் வாக்குமூலத்துக்காக அவள் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். பெற்றோரோ உறவினரோ உள்ளூர் சமூகப் பணியாளரோ உடன் இருக்கலாம். குழு உதவ வேண்டிய இடம் இதுதான். வாட்ஸ்அப்பில் மட்டும் பெயரைப் போடாதீர்கள், அதற்கும் தண்டனை உண்டு.

ஊரில் எழுதி வாங்கும் காகிதம் செல்லாது. இது சமரசம் பேசி முடிக்கக்கூடிய குற்றமே அல்ல. பாஸ்புக் கேட்கும் அந்த ஆள்தான் பெரிய ஆபத்து. இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வெற்றுத் தாளில் கையெழுத்து, பிறகு பாதிப் பங்கு. எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நிவாரணத்துக்கு யாருக்கும் கமிஷன் தரத் தேவையில்லை. மருத்துவ அறிக்கைக்குப் பிறகு பாதி, குற்றப்பத்திரிகை போட்டதும் கால் பங்கு, விசாரணை முடிந்ததும் மீதி.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் எஸ்சி, எஸ்டி மக்கள்மீது, எஸ்சி, எஸ்டி அல்லாதவர் செய்த குற்றத்துக்குத்தான். மேஸ்திரி கீழ்நாட்டு (சமவெளி) ஆள் என்பதாலேயே இது பொருந்திவிடாது, அவன் சாதி என்ன என்று பார்க்க வேண்டும். அவனும் உங்கள் மலையின் மலையாளிப் பழங்குடியாகவோ (கேரளக்காரர் அல்ல) ஆதிதிராவிடராகவோ இருந்தால் இது வராது. இரண்டு பேர் சேர்ந்து செய்து ஒருவன் மட்டும் எஸ்சி, எஸ்டி அல்லாதவன் என்றால், அவன்மீது மட்டும் வரும். எதுவும் பொருந்தாவிட்டாலும் பாலியல் வன்கொடுமை வழக்கு அப்படியே நிற்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடும் கேட்கலாம். எண் 15100. வக்கீலும் இலவசம்.

சாதிச் சான்று இல்லையே என்று தயங்காதீர்கள். வடாற்காடு மலையாளிகள் எஸ்டி பட்டியலில் பெயரோடு இருக்கிறார்கள். ஆனாலும் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) ஆபீசில் ஒரு தாளுக்கு எத்தனை நடை! புகார் கொடுங்கள், சான்று பின்னால் வரட்டும்.

சீக்கிரம் முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992-இல் 18 பழங்குடிப் பெண்களை அரசு ஊழியர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததற்கு 2011-இல்தான் தீர்ப்பு வந்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2023. அந்த 18 பெண்களும் தனித்தனியாக நின்றிருந்தால் தாக்குப்பிடித்திருப்பார்களா? வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் குழுவில் இருவராவது கூடப் போங்கள். பயணப்படி கேட்டு வாங்குங்கள், அதற்கும் உரிமை உண்டு.

பாஸ்புக்கை ஏற்கெனவே அந்த ஆளிடம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள்.