அப்பா அம்மாவுக்கு மலிவு இன்சூரன்ஸ் வேண்டாம் தம்பி

பெருந்துறையிலிருந்து அப்பாவும் அம்மாவும் அமெரிக்காவுக்கு 4 மாதம் வந்து இருக்கப் போகிறார்கள், இருவருக்கும் எந்தக் காப்பீடும் இல்லை, அப்பாவுக்குச் சர்க்கரை, மலிவாக ஒரு பிளான் கண்ணில் பட்டது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்த விமானம், எத்தனை ஸ்வெட்டர் என்றும். விமானம் உங்கள் பாடு. ஸ்வெட்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

அந்த பிளானின் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகத் தொகை போட்டிருந்தால் அது ஃபிக்ஸட் பெனிஃபிட். பில் எவ்வளவு வந்தாலும் அந்தத் தொகையோடு கையைக் கழுவிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது காம்ப்ரிஹென்சிவ். டிடக்டிபிள், அதாவது முதலில் நாம் கையிலிருந்து கட்டும் தொகை போக, முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதமும், அதற்கு மேல் உச்சவரம்பு வரை முழுவதும் தருகிற பிளான்கள் இருக்கின்றன. பிரீமியம் அதிகம்தான். டிடக்டிபிளைக் கூட்டி வைத்தால் கொஞ்சம் இறங்கும். உச்சவரம்பில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது சர்க்கரை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு வழக்கமான வைத்தியத்தை இந்த பிளான்கள் தராது. அதே நோய் திடீரென முற்றினால் மட்டும் 'அக்யூட் ஆன்செட்' என்று தருவார்கள். அதற்கும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போயிருக்க வேண்டும். 70 வயது தாண்டியவர்களுக்கு இது சுருங்கும், சில பிளான்களில் இருக்கவே இருக்காது. அப்பாவின் வயதை நீங்கள் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கம்பெனி இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஒபாமா காலத்துச் சட்டத்தில் வந்த அரசு இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் விற்கிற பிளானும் டூரிஸ்ட் விசாக்காரர்களுக்கு இல்லை.

இங்கே பொங்கல் விழாவுக்குப் போனால் ஒருவர் கட்டாயம் சொல்வார், "எங்கப்பா மூணு தடவ வந்துட்டுப் போயிட்டாருங்க, ஒண்ணும் ஆகலீங்க, இன்சூரன்ஸ் தண்டச் செலவு" என்று. அவரேதான் நயாகராவுக்கு வேன் பிடித்து, அங்கே ஹோட்டலில் தங்கி, ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்புகிறவர். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

2004இல் நான் இங்கே ஒஹாயோவின் கொலம்பஸுக்கு வந்த புதிது. பக்கத்து அபார்ட்மெண்டில் காங்கேயத்துக்காரர் ஒருவர். அவர் அப்பாவுக்கு ராத்திரியில் அடிவயிற்று வலி, பார்த்தால் அப்பெண்டிக்ஸ். எமர்ஜென்சியில் காசு கேட்டு நிறுத்தி வைக்க மாட்டார்கள், 1986இல் இருந்து சட்டம் அப்படி. பில் மட்டும் பின்னாலேயே வீடு தேடி வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தனி, சர்ஜனுக்குத் தனி, மயக்க மருந்து கொடுத்தவருக்குத் தனி. காங்கேயத்துக்காரர் எடுத்திருந்ததும் நீங்கள் பார்த்த மாதிரியான பிளான்தான். பெரியவர் சோபாவில் உட்கார்ந்து, இதில் எத்தனை ஜோடி காளை வாங்கலாம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஐட்டம் வாரியாக பில் கேட்டு, கட்ட முடியாதவர்களுக்கு ஆஸ்பத்திரி பில்லைக் குறைக்கிற சாரிட்டி கேர் ஃபாரம் நிரப்பி, பில்லிங் ஆபீசோடு மாதக்கணக்கில் பேசிப் பெரும்பகுதியைக் குறைக்க வைத்தோம். எனக்கு அமெரிக்க இங்கிலீஷ் படிந்தது அந்தப் போனில்தான். இன்றும் இங்கே யாருக்கு பில் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும்.

பாலிசியை விமானம் ஏறுமுன் 4 மாதத்துக்கும் சேர்த்தே எடுங்கள். நடுவில் விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், இடையில் வந்த வியாதியும் பழைய வியாதி ஆகிவிடும். பல்லை ஈரோட்டிலேயே பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாத்திரை 4 மாதத்துக்கும், டாக்டர் சீட்டோடு, கைப்பையில். சளி, காய்ச்சலுக்கெல்லாம் எமர்ஜென்சிக்கு ஓடாதீர்கள், சின்ன வியாதிகளை உடனே பார்க்கிற அர்ஜென்ட் கேர் கிளினிக் போதும்.

எங்கள் அம்மா கோபியிலிருந்து முதல் தடவை வந்தபோது காதுவலிக்கு அர்ஜென்ட் கேருக்குத்தான் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்து, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார். கார் ஏறுகிற வரை அம்மா பேசவில்லை. பெல்ட் போட்டதும் கேட்டார், "ஏஞ்சாமி, இத்தன காசு வாங்கிட்டு ஒரு ஊசிகூடப் போடலையே?"