ஜிலேபி மீன் பெருகியதில் நோய்க்கும் பங்கு உண்டா?

தாமிரபரணியில் ஜிலேபி மீன் இப்படிப் பெருகியதில் நோய், ஒட்டுண்ணிகளின் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பங்கு உண்டு, முழுக் காரணம் அதுவல்ல. முதல் காரணத்தைக் குறுக்குத்துறையில் தூண்டில் போடுபவரிடமே பார்க்கலாம்: பெண் மீனின் வாயைத் திறந்தால் மஞ்சள் முட்டைகள் உருளும். வாயிலேயே அடைகாக்கும் தாய்!

இந்த ஆப்பிரிக்க மீன் 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. இப்படிச் சில மீன்கள் மட்டும் கடல் தாண்டும்போது, அவற்றை ஒட்டி வாழும் தாய்நாட்டுப் புழுக்கள் எல்லாம் கூடவே வருவதில்லை. வந்தாலும், வளரும் பருவத்தில் ஒரு நத்தைக்குள் தங்கவேண்டிய சில புழுக்கள், ஏற்ற நத்தை கிடைக்காமல் அழிந்துவிடும். எதிரி குறைந்தால் வந்தேறிக்குக் கொண்டாட்டம்தானே?

நம் ஆற்று ஒட்டுண்ணி வந்தேறிக்குள் பெருகி, நாட்டு மீனுக்கே திரும்புவதும் நடக்கக்கூடியது.

நோயைச் சுமந்து வருவதுதான் மிகக் கொடியது. இங்கிலாந்தில் 1876 முதல் கொண்டுவிடப்பட்ட அமெரிக்கச் சாம்பல் அணில், ஓர் அம்மை வைரஸை நோகாமல் சுமக்கிறது. அது தொற்றிய உள்ளூர்ச் சிவப்பு அணிலுக்குக் கண்ணையும் வாயையும் சுற்றிப் புண் வருகிறது. பெரும்பாலும் இரண்டே வாரத்தில் சாவு. சண்டையே போடாமல் காடு கைமாறுகிறது.

நம் தோட்டங்களில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையைக் கண்டால் வெறுங்கையால் எடுக்காதீர்கள். எலியின் நுரையீரலில் வாழ்ந்து, மனித மூளையையும் தாக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு அதற்குள் இருக்கலாம்.