பழைய கேமராவை எங்கே விற்பது?

கேள்வி: மார்த்தாண்டத்தில் கல்யாண போட்டோ எடுக்கிறேன். மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) மாறப்போகிறேன். நிகான் டி750 கேமரா பாடியும், 24-120 எஃப்4, 85 எம்எம் 1.8ஜி, 50 எம்எம் 1.8டி என்று மூன்று லென்ஸும் கையில் இருக்கின்றன. நாகர்கோவில் கடையில் மொத்தமாக ஒரு விலை சொல்கிறார்கள். கொடுக்க மனசு வரவில்லை. ஆன்லைனில் போடலாமா, திருவனந்தபுரம் கொண்டுபோகலாமா?

பதில்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் நல்ல லென்ஸையும் மெதுவாகப் போகிற சரக்கோடு சேர்த்துத்தான் விலை போடுவார். அவர் லாபம் பார்க்க வேண்டாமா!

எந்த மிரர்லெஸ் என்று நீங்கள் எழுதவில்லை. நிகானின் மிரர்லெஸ் வரிசையான இசட் என்றால், பழைய லென்ஸை அதில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு 24-120, 85 இரண்டையும் ஆட்டோஃபோகஸோடு ஓட்டலாம், விற்கவே வேண்டாம். 50 எம்எம் 1.8டி அப்படியல்ல. அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த அடாப்டரில் கையால்தான் ஃபோகஸ் செய்யணும். டி750 பாடியிலேயே மோட்டார் இருப்பதால் பாடியையும் இந்த 50-ஐயும் ஜோடியாக விற்பதுதான் சரி.

அந்த ஜோடியை வாங்கப்போவது புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள். ஆகவே முதலில் மாவட்டத்து போட்டோகிராபர் வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். 2014-இல் வந்த மாடல், நாள் போகப் போக விலை இறங்கும்; பேரம் சுமாராகப் படிந்தாலே தள்ளிவிடுங்கள். ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை முறை க்ளிக் ஆனது என்பதை, கட்டாயம் கேட்பார்கள். இந்த மாடலின் ஷட்டர் தாங்கும் என்று நிகான் சொல்லும் கணக்கு 1,50,000 க்ளிக். எண்ணிக்கை, படத்தின் ஃபைலுக்குள் கேமரா பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது போய்விடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். 2015-இல் ஷட்டர் கோளாறுக்காக நிகான் இலவச சர்வீஸ் அறிவித்தது. உங்களுடையது அதில் வந்து, செய்திருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள்.

லென்ஸ் விற்பதானால் திருவனந்தபுரம்தான் என் யோசனை. உங்களுக்கு அதுவும் நாகர்கோவிலும் தூரத்தில் பெரிய வித்தியாசமில்லை, அங்கே வாங்கும் ஆட்கள் அதிகம். ஆனால் கிளம்புமுன் ஃபங்கஸ் பாருங்கள். இரண்டு பருவமழையும் கடல்காற்றும் உள்ள நம்மூரில் பையிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 24-120, 85 இரண்டிலும் அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையம் கிடையாது. பாடியிலிருந்து கழற்றியதும் துளையைச் சுற்றியுள்ள உள்ளிதழ் மூடிக்கொள்ளும். பின்பக்கம் இருக்கும் சின்ன லீவரை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மொபைல் டார்ச்சை ஒரு முனையில் காட்டி மறுமுனையிலிருந்து சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கோடு தெரிந்தால் ஃபங்கஸ். ஆரம்ப நிலை என்றால் மெக்கானிக் துடைத்துவிடுவார்; கண்ணாடி மேல் உள்ள கோட்டிங்கை அரித்திருந்தால் தழும்பு போகாது. எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குபவர் நேரில் கண்டுபிடித்தால் மற்ற சாமானிலும் சந்தேகப்பட்டு அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

ஓஎல்எக்ஸ் கடைசி வழி. 'ராணுவத்தில் இருக்கிறேன், க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும்' என்று ஒருவர் கட்டாயம் வருவார். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே நம்பரை பிளாக் செய்யுங்கள். பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், நேரில் மட்டும் கொடுங்கள். மெமரி கார்டைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அழித்த கல்யாணப் படங்களையும் மீட்டெடுக்க முடியும்.

நேரமும் முக்கியம். தவக்காலத்திலும் மார்கழியிலும் வேலை குறைவு, வாங்க ஆள் வராது. ஆடி கடைசியில் போட்டால், ஆவணி முகூர்த்தத்துக்குக் கேமரா தேடுகிறவர்கள் தானாகவே கூப்பிடுவார்கள்.