கரப்பானுக்கு ரத்தப் பரிசோதனை 'பேக்கேஜ்' எடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் கரப்பான், ராத்திரியெல்லாம் சொறிகிறான். போன மாதம் பார்த்ததில் ஐ.ஜி.இ. 1,240. கும்பகோணத்தில் ஒரு லேபில், நோய் எவ்வளவு தீவிரம் என்று ரத்தத்திலேயே தெரிந்துவிடும் என்று 6,500 ரூபாய்க்கு பேக்கேஜ் சொல்கிறார்கள். மறுபடி ஐ.ஜி.இ., ஈசினோஃபில், 80 உணவுகளுக்கு அலர்ஜி டெஸ்ட். முன்பணம் 1,000 கட்டிவிட்டேன். மாமியார் முட்டை, பால், கத்தரிக்காய் மூன்றையும் நிறுத்திவிட்டார். என்ன செய்யட்டும்?
- வாசகி, வலங்கைமான்

பதில்: ரத்தம் கொடுக்காதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஐ.ஜி.இ. என்பது அலர்ஜிக்கான உடல்வாகைக் காட்டும் எண். வீசிங் இருந்தாலும் ஏறும், வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும். தோல் ஆறிய பிறகும் உடனே இறங்காது. 1,240-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது தீவிரத்தின் அளவுகோல் இல்லை. ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுவின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அப்படித்தான். தோலின் நிலையோடு ஓரளவு சேர்ந்து ஏறி இறங்குவது 'டார்க்' என்ற புரதம். ஜப்பானில் 2008 முதல் காப்பீட்டிலேயே அதைப் பார்க்கிறார்கள். அதற்கும் வயதுக்கு ஒரு கணக்கு உண்டு: 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 743 பிகோகிராமுக்குள் இருக்க வேண்டும், 6 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 1,367 வரை போகலாம். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் எழுதிய பட்டியலில் டார்க் இல்லவே இல்லை!

தீவிரத்தை டாக்டர்கள் கண்ணால்தான் அளக்கிறார்கள். 'ஸ்கோராட்' என்று ஒரு முறை. உடம்பில் எத்தனை பங்கு, எவ்வளவு சிவப்பு, எவ்வளவு தடிப்பு என்று அவர்கள் பார்ப்பார்கள். கடந்த மூன்று நாளில் அரிப்பு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு கெட்டது என்று பத்துக்கு மார்க் போடுவது நீங்கள். மொத்தம் 25-க்குள் என்றால் லேசானது, 50-க்கு மேல் என்றால் கடுமை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவில் காசில்லாமல் காட்டலாம்.

அந்த 80 உணவு டெஸ்ட்தான் எனக்குப் பிடிக்காத பகுதி. ரத்தத்தில் பாசிட்டிவ் வந்தால் அந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தமில்லை. முட்டை சாப்பிட்டதும் தடிப்போ வாந்தியோ வராத பிள்ளைக்கு அதை நிறுத்தக் கூடாது. நீண்ட நாள் நிறுத்தினால் நிஜமாகவே அலர்ஜி வரவும் வாய்ப்புண்டு. பாலும் அப்படியே. கத்தரிக்காய் விஷயத்தில் மாமியாரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அது இல்லாமல் பிள்ளை வளர்ந்துவிடும்.

மிச்சமாகும் பணத்தில் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் வாங்குங்கள். குளித்த ஈரம் காயுமுன் பூச வேண்டும். இந்த வயதுக்கு வாரம் 250 கிராம்கூட ஆகும். 50 கிராம் டியூபை மாதம் முழுக்க ஓட்டினால் பலன் தெரியாது. ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்தால், உங்கள் ஆட்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கியது அரை கிராம். விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை இரண்டு அளவு இடத்துக்கு அது போதும்.

அப்புறம் அந்த 1,000 ரூபாய். இன்னும் ரத்தம் எடுக்கவில்லை என்று சொல்லி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். ரசீது, விளம்பரப் படம் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதியலாம். அதிலும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம். லேப் கும்பகோணத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது.