அப்பாவுக்குக் குடல் புற்றுநோய்: சிஇஏ அளவு, ஹெபடைடிஸ் பி பரிசோதனை இரண்டையும் எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முன் 18 இருந்த சிஇஏ (குடல் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) இப்போது 6.2. கீமோவுக்கு முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். வைரஸால் வந்த புற்றுநோயா இது? 6.2 என்றால் ஆபத்தா? பீடி பழக்கம் உண்டு.

நான் டாக்டர் இல்லை; புற்றுநோய் மருத்துவமனை லேபில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்ட்டரில் தினமும் பார்க்கிற காட்சி: கவரைப் பிரித்ததும் கண் நேராகத் தடித்த எழுத்தில் அச்சான எண்ணைத்தான் தேடும். அடியில் பொடி எழுத்தில் எந்த முறையில் அளந்தார்கள் என்று போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. சிஇஏ விஷயத்தில் அந்தப் பொடி எழுத்து முக்கியம். ஒரே ரத்தத்தை இரண்டு கம்பெனி கருவிகளில் ஓட்டினால் இரண்டு எண் வரலாம். அதனால் இனி எப்போதும் ஒரே லேபிலேயே எடுங்கள். அந்த 18 வேறு லேபில் எடுத்ததா என்றும் பாருங்கள்.

சிஇஏவை 1965-இல் மான்ட்ரியாலில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் குடல் கட்டிகளில் கண்டுபிடித்தார்கள். பொதுவாக 5-க்குள் இருந்தால் சரி என்பார்கள், ஆனால் புகைபிடிப்பவர்களுக்குக் கட்டி இல்லாமலே அதைத் தாண்டும். ஈரல் கோளாறு, குடல் அழற்சி இருந்தாலும் ஏறும். கட்டியை எடுத்த பிறகு அளவு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். மூன்றாவது வாரத்து 6.2-ஐ வைத்து அழவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் இறங்காவிட்டாலோ, அடுத்தடுத்த முறை ஏறிக்கொண்டே போனாலோ டாக்டர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இன்னொன்று, ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றும் முதல் சில வாரங்களில் சிஇஏ கொஞ்சம் எகிறி, தானே இறங்குவது உண்டு. அப்போது பயந்துவிடாதீர்கள்.

அடுத்து வைரஸ். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி (பாப்பிலோமா வைரஸ்), ஈரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸ் பி, சி என்று நிரூபணம் ஆகியிருக்கிறது. பெருங்குடலுக்கு அப்படி ஒரு வைரஸ் நிரூபணம் ஆகவில்லை. குடல் கட்டிகளில் ஜேசி வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ் தடயம் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு; அதை வைத்து யாரும் வைத்தியத்தை மாற்றுவதில்லை. குடல் கட்டியில் வைரஸ் தேடும் டெஸ்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

அப்படியானால் ஹெபடைடிஸ் பி எதற்கு? எப்போதோ வந்து ஈரலில் பதுங்கிக் கிடக்கும் அந்த வைரஸ், கீமோவில் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் தலைதூக்கும். காமாலை வந்து ஈரல் கெட்டால் கீமோவைப் பாதியில் நிறுத்த வேண்டி வரும். கொடுமை என்னவென்றால், இது முன்னாலேயே தெரிந்தால் மாத்திரையால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எச்பிஎஸ்ஏஜி (வைரஸின் மேலுறைப் புரதம், இப்போது தொற்று இருப்பதைக் காட்டும்), ஆன்டி எச்பிசி (வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி) இரண்டு ரத்த டெஸ்டையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலாவது நெகட்டிவ் ஆனாலும் இரண்டாவது பழைய தொற்றைக் காட்டிக் கொடுக்கும். எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் வழக்கமாக என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார்கள். கீமோ முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். "அதான் கீமோ முடிஞ்சுதே" என்று நீங்களாக நிறுத்தினால் வைரஸ் திரும்ப எழும்பும்.

ரத்த ரிப்போர்ட்டில் வரும் இரண்டு வகை வெள்ளணுக்களான நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து ஆயுள் கணக்குப் போடச் சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அந்த விகிதம் அதிகம் இருந்தவர்களுக்கு முடிவு மோசமாக இருந்ததாக ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் கீமோவுக்கு முன் வாந்திக்காகப் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசியே நியூட்ரோஃபிலை ஏற்றிவிடும். டெங்கு வந்தால் வெள்ளணுக் கணக்கே தலைகீழ். ஒரு நாள் ரத்தத்தை வைத்து வீட்டில் கால்குலேட்டர் எடுக்காதீர்கள்.

நோய் இனி எப்படிப் போகும் என்ற முன்கணிப்புக்குப் பெரிதும் உதவுவது ஆபரேஷனில் எடுத்த கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட். எத்தனை நிணநீர்க் கணு எடுத்தார்கள் (குறைந்தது 12 வேண்டும்), அதில் எத்தனையில் புற்று, எம்எஸ்ஐ (கட்டியின் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு கெட்டிருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட்) பார்த்தார்களா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். நோய் எந்த ஸ்டேஜ் என்று தெரியாமல் யாரும் உங்களுக்குச் சதவீதம் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கு எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்தால் அம்மாவும் நீங்களும் உடன்பிறந்தவர்களும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வருபவர்களுக்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அப்பா பயன்படுத்தும் ஷேவிங் பிளேடை வேறு யாரும் தொட வேண்டாம். சேர்ந்து சாப்பிடுவதில் பயமில்லை.