ஓடும் நிரலில் ரெண்டர்டாக் ஃபிரேம் பிடிக்காவிட்டால்

வணக்கம். உங்கள் திருமலை நாயக்கர் மகால் கணினி வரைகலைக் காட்சியில் தூண்கள் கறுப்பாக வருகின்றன, ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு ரெண்டர்டாக்கை (திரையில் வரையப்படும் ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு படத்தை, அப்படியே பிடித்து ஆராயும் கருவி) இணைத்து, பிடிப்பதற்கான எஃப்12 விசையை அழுத்தினால் எதுவும் பதிவாகவில்லை என்கிறீர்கள். பதிவாகாததற்குக் காரணம் இணைத்த நேரம்தான். நிரல் வல்கனை (வரைகலை அட்டைக்குக் கட்டளை அனுப்பும் இடைமுகம்) தொடங்கும் முன்பே ரெண்டர்டாக் உள்ளே இருக்க வேண்டும். பாதியில் நுழைந்தால், அதற்குமுன் உருவான டெக்ஸ்சர் (படத்தரவு), பஃபர் (வரைவதற்கான மற்றத் தரவு) எதுவும் அதற்குத் தெரியாது.

நிரலை மூடிவிட்டு, ரெண்டர்டாக்கின் 'லாஞ்ச் அப்ளிகேஷன்' பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். தனி லாஞ்சர் வழியாகத் திறக்கும் நிரலா? அந்த லாஞ்சர் தொடங்கும் நிரலையும் பிடிக்க 'கேப்சர் சைல்ட் ப்ராசஸஸ்' தேர்வையும் போட்டுவிடுங்கள். இது தெரியாமல் நானும் இங்கே மதுரையில் இரண்டு இரவு தூங்காமல் தேடியிருக்கிறேன். திரையின் மேல் ஓரத்தில் ரெண்டர்டாக்கின் எழுத்துகள் தெரிந்தால் சரி, இணைந்துவிட்டது.

அப்புறம் எஃப்12. பதிவான ஃபிரேமை ரெண்டர்டாக்கில் திறந்து, டெக்ஸ்சர் வியூவரில் கறுத்த தூணின் ஒரு பிக்சலை வலது கிளிக் செய்து 'ஹிஸ்டரி' பாருங்கள். எந்த டிரா அழைப்பு (வரையச் சொல்லும் கட்டளை) அதைக் கறுப்பாக்கியது என்று அங்கே தெரியும்.