கேலக்ஸி எப்படி உருவாகிறது? ஒன்று நீலமாகவும் இன்னொன்று சிவப்பாகவும் தெரிவது ஏன்?

விண்மீன்கள், வாயு, தூசி, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் எல்லாம் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்ட கூட்டம்தான் கேலக்ஸி. நம் பால்வெளியும் அப்படி ஒன்று. மும்பை வெளிச்சத்தில் அதைத் தேடாதீர்கள், கிடைக்காது.

ஆதியில் பொருள் கிட்டத்தட்டச் சமமாகப் பரவியிருந்தது. எங்கே துளி அதிகமோ, அங்கே ஈர்ப்பும் கூடி அக்கம்பக்கத்தை இழுத்தது. தாராவியில் முதலில் சில திருநெல்வேலிக் குடும்பங்கள் தங்க, அவர்களை நம்பி ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ரயிலேறி வந்தார்களே, அதே கதை. கரும்பொருள் முதலில் திரண்டது. வாயு அதற்குள் விழுந்து, குளிர்ந்து, விண்மீன்களானது. சுழன்றுகொண்டே சுருங்கியதால் பல கேலக்ஸிகள் தட்டு வடிவம் பெற்றன.

சரி, நிறம்? கனத்த விண்மீன்கள் நீலமாக ஒளிரும், ஆனால் சில கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துபோகும். எனவே நீலம் தெரிந்தால் அங்கே இன்னும் விண்மீன்கள் பிறக்கின்றன என்று அர்த்தம். வாயு தீர்ந்தாலோ, நடுவிலுள்ள கருந்துளை அதைச் சூடாக்கிவிட்டாலோ பிறப்பு நின்றுவிடும். நீண்ட ஆயுள் கொண்ட சிவப்பு விண்மீன்களே பெரும்பாலும் மிஞ்சும்.

அப்புறம், இரண்டு கேலக்ஸிகள் மோதினால் விண்மீன்கள் நொறுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே 4.2 ஒளியாண்டு (ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்) தள்ளி இருக்கிறது, அதனால் விண்மீன்கள் கிட்டத்தட்ட எல்லாமே உரசாமலே கடந்துவிடும்.